சேத்தில சரிஞ்ச படகுகள்

டார்ம்ஸ்டாட்
3 மார்ச் 1996

ஜெனி அண்ணா,

அப்பா உங்களுக்கு டெலிபோனில சொல்லியிருப்பார். அதால நான் சுத்தி வளைக்கேல்லை. ஓம், பல்லு டொக்டரிட்ட வேலை பழகின ஆவுஸ்பில்டுங்கை விட்டிட்டன். ஒண்டரை வருசம் ஊர்ச்சனத்தின்ர எச்சிலை உறிஞ்சிற குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது காணும். பள்ளிக்கூடத்தை விட்டாய், கோயில் பாட்டுக்குழுவை விட்டாய், இப்ப இதையும் விட்டிட்டாய், இனி நீ விடுறதுக்கு என்ர பேர் ஒண்டுதான் மிச்சம் எண்டு அப்பா கத்தினார். ஸ்ரனிஸ்லாஸின்ர மகள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையாம். சரி எண்டு சொல்லிப்போட்டு, பாக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டில இருந்து இஞ்ச வந்திட்டன். அம்மா மட்டும் களவா டெலிபோன் எடுக்கிறவ.

இஞ்ச பழைய படம் விக்கிற ஒரு கடையில நிக்கிறன். முதலாளி ஃபிறௌ பிறாண்டஸ் எண்டு ஒரு மனிசி. சிகரெட் பத்திறதுக்கெண்டே வாசலில ஒரு கதிரை போட்டு வைச்சிருக்கு, கடைக்குள்ள இருக்கிறதை விட அதில இருக்கிறதுதான் கூட. படத்துக்கு மட்டை வெட்டிறது, கண்ணாடி துடைக்கிறது, கீழ ஒட்டிற பேர்த்துண்டு எழுதிறது எல்லாம் என்ர வேலை. யூலையில ஒரு கண்காட்சி வருது. முழுக்க யப்பான் கடற்கரைகள். தூரிகையால கீறினதில்லை. மரப்பலகையில வெட்டி, மை பூசி, கடதாசியில ஒத்தி எடுத்தது. இந்த நூற்றாண்டின்ர இருபதாம், முப்பதாம் ஆண்டுகளில செய்ததுகள்.

அண்ணா, நீங்கள் இதுகளைப் பாக்கவேணும். ஒண்டில கடல் மேல கடும் நீலமா இருந்து, கரைக்கு வர வர வெளுத்து, கடைசியில வெறும் கடதாசியா முடியுது. இடையில ஒரு கோடும் இல்லை. ஈரப் பலகையில மையைத் துணியால வழிச்சு வழிச்சு அப்பிடி எடுக்கிறதாம். நான் அதுக்கு முன்னால நிண்டு கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டே இருந்தன். மனிசி வந்து, கண்ணாடி தேயப்போகுது எண்டு சொல்லிச்சு. இன்னொண்டில ரண்டு பாய்க்கப்பல். அதே பலகையைக் காலமைக்கு ஒரு நிறத்தில ஒத்தியிருக்கினம், பின்னேரத்துக்கு வேற நிறத்தில. கப்பல் அசையேல்லை, நேரம் மட்டும் போயிருக்கு.

ஆனா எனக்கு ஒரு கடுப்பும் இருக்கு. இவ்வளவு கரையில ஒரு கரையிலயும் தந்திக்கம்பம் இல்லை, புகைக்கப்பல் இல்லை, குப்பை இல்லை. முப்பதாம் ஆண்டு யப்பானில உதெல்லாம் இருந்திருக்கும்தானே. மனிசியிட்டக் கேட்டன். இதுகளில கனக்க அமெரிக்காக்காரருக்கும் ஐரோப்பாக்காரருக்கும் விக்கச் செய்தது, வாங்கிறவன் பாக்க ஆசைப்பட்ட யப்பானைக் குடுத்திருக்கினம் எண்டிச்சு. கை எண்டா அப்பிடி ஒரு கை. ஆனா கரையைக் கழுவிப்போட்டுத்தான் காட்டியிருக்கினம்.

இப்ப விசயத்துக்கு வாறன். இந்தப் படத்தை ஒராள் செய்யிறேல்லை. ஒராள் கீறும், இன்னொராள் வெட்டும், மூண்டாவது ஆள் மை பூசி ஒத்தும். மூண்டு பேரும் மூண்டு வீட்டில இருந்துகொண்டே செய்வினமாம். உங்களை அகதியள் தங்கிற அந்த ஹைம் இருக்கிற மாவட்ட எல்லையைத் தாண்ட விடமாட்டாங்கள். என்னட்ட உங்களைப் பாக்க அடிக்கடி வாறதுக்கு வசதி இல்லை. அப்ப எங்களுக்கெண்டே செய்துவைச்ச முறை இது. நான் கீறுறன், நீங்கள் வெட்டுங்கோ, நான் ஒத்துறன். முதல் நாலு பலகையும் வெட்டிற முறை எழுதின கடதாசியும் தனிய அனுப்பிறன், பிறகு பலகை தபாலில போகும், வரும். பலகையிட்ட ஒருத்தரும் விசா கேக்கமாட்டாங்கள்.

ஹைம் குசினியில மரக்கறி வெட்டுற பலகையில பாரை மீன் ஒண்டு செதுக்கி, காவல்காரனிட்ட ஏச்சு வாங்கினனியளாம். அம்மா சொன்னவ. அந்தக் கைதான் எனக்கு வேணும்.

வாசல் பக்கத்தில ஒரு சின்னச் சுவரை எனக்குத் தாறன் எண்டு மனிசி சொல்லியிருக்கு. அதில எங்கட கரை ஒண்டு தொங்கவேணும். இதையும் விட்டிட்டாள் எண்டு அப்பா சொல்லக்கூடாது. எனக்கு அவ்வளவுதான்.

லவினியா
(ஸ்ரனிஸ்லாஸின்ர மகள் இல்லை)


ஆல்டன்றோட், ஹைம்
15 மார்ச் 1996

லவினியா,

பலகை நாலும் வந்தது. ஹைமில எல்லாரும் வந்து பாத்திட்டுப் போட்டினம். சவப்பெட்டி செய்யிறியா எண்டு ஜோன்சன் கேட்டான். ஜோன்சன் எண்டது என்ர அறையில இருக்கிற வங்காலை ஊர்ப் பெடியன், எல்லாத்துக்கும் ஒரு கதை வைச்சிருப்பான்.

முதல் ஏச்சு. எனக்கு இந்த நாட்டில வேலை செய்ய உத்தரவு இல்லை. மூண்டு வருசமா விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறன், அடுப்புக்கு வரிசையில நிண்டு சமைக்கிறன், பிறகு படுக்கிறன். நீ எனக்கு ஆவுஸ்பில்டுங்கைத் தூக்கி எறிஞ்சிட்டன் எண்டு எழுதிறாய், அதுவும் பகிடியா. உன்ர கடிதத்தை வாசிச்சு என்ர முகம் மாறினதைக் கண்டிட்டு, தங்கச்சிக்கு என்னவாம் எண்டு ஜோன்சன் கேட்டான். பல்லுக்கொதி எண்டு சொன்னன்.

சித்தப்பா கத்தினது பிழை. நீ வெளிக்கிட்டது அதை விடப் பிழை. ஏச்சு முடிஞ்சுது.

வெட்டுறன். வேற என்ன வேலை எனக்கு. இஞ்சத்தைப் பாதர் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர சின்ன உளி அஞ்சு தந்தவர். கத்தி எண்டா ஹைமில விடமாட்டாங்கள், உளிக்குச் சட்டம் எழுத மறந்துபோனாங்கள். நீ சொன்ன மாதிரி, கீறின கடதாசியைக் குப்புற ஒட்டி, எண்ணெய் பூசிக் கோட்டைத் தெரியப்பண்ணி ஒரு பழைய பலகையில வெட்டிப் பாத்தன். வருது.

என்ன கரை கீறப்போறாய்? எங்கட ஊர் பேசாலை எண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவன். பனை, வள்ளம், மாதா கோயில், எல்லாம் கையிலயே கிடக்கு.

ஜெனிஸ்டன்


டார்ம்ஸ்டாட்
9 ஏப்ரல் 1996

ஜெனி அண்ணா,

பேசாலை கீறமாட்டன். பனையும் வள்ளமும் மாதா கோயிலும் ஸ்டுட்கார்ட்டில ஒவ்வொரு தமிழ் வீட்டுக் கலண்டரிலயும் தொங்குது. எனக்கு ஊரைவிட்டு வெளிக்கிடேக்க எட்டு வயசு. எனக்கு ஞாபகம் இருக்கிற கடல் ஒரு செருப்பைக் கொண்டுபோன கடல். அதை வைச்சு என்னத்தைக் கீறுறது. கண்ணால பாத்ததைத்தான் கீறுவன். பாக்கேல்லை எண்டாப் போய்ப் பாப்பன்.

அதால போனன். சனி ஞாயிறுக்கு ஒரு ரிக்கற் விக்கிறாங்களெல்லே, மெதுவான ரெயில் எல்லாத்திலயும் அஞ்சு பேர் போகலாம். ஃபிறாங்ஃபேர்ட் ஸ்டேசனில முன்பின் தெரியாத நாலு பேரோட சேர்ந்து எடுத்தன். அவை ஒவ்வொருத்தரா இறங்கிப் போக, பிறேமனில நான் தனிய. பிரேமர்ஹாஃபனுக்கு அங்கால ஒரு சின்னத் துறை, பேர் வாயில நுழையாது. புல்லு முளைச்ச பெரிய அணைக்கட்டு, அதில செம்மறி மேயுது. ஏறினன். மற்றப்பக்கம் கடல் எண்டு நினைச்சுக்கொண்டு ஏறினன்.

கடலைக் காணேல்லை.

பகிடி இல்லை. கண்ணுக்கெட்டின தூரத்துக்குச் சேறு. அதில வானம் பளபளக்குது. ஒருத்தன் படகுக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு நிண்டான். மன்னிக்கவேணும், கடல் எங்க எண்டு கேட்டன். அவன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பாத்திட்டு, ரண்டு மணிக்கு வரும் எண்டான். பஸ்ஸைச் சொல்லுற மாதிரி.

என்ர ரெயில் அதுக்கு முதல். கடல் திரும்பி வாறதை நான் பாக்கேல்லை. ஆனா போன இடத்தைப் பாத்தன். மூண்டு இறால் படகு சேத்தில வயிறு வைச்சு, ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்துது, குடிச்சு வெறியில படுத்த ஆக்கள் மாதிரி. கயிறெல்லாம் தொங்கிப்போச்சு. பாக்க அசிங்கமாயும் இருந்துது, கண்ணை எடுக்கவும் ஏலாமல் இருந்துது. யப்பான்காரர் ஒருத்தரும் இதைக் கீறேல்லை எண்டு நினைச்சன். வாங்கிறவன் கேட்டிருக்கமாட்டான்.

கீறினது இதோட இருக்கு. தண்ணி இல்லை, சேறு. அந்தக் குறுக்குக் கோடெல்லாம் சேத்தின்ர வரி. படகு சரிஞ்சபடி. கீறினது கீறினபடி வெட்டுங்கோ.

லவினியா


ஆல்டன்றோட், ஹைம்
28 ஏப்ரல் 1996

லவினியா,

கோட்டுப் பலகை முடிஞ்சுது, அனுப்பிறன். நிறத்துக்கு வெட்டிற பலகையள் பின்னால வரும். நாலு விரலில பிளாஸ்ரர். சொல்லுறதுக்காகச் சொல்லேல்லை, இருக்கு எண்டு சொல்லுறன்.

ரண்டு மூண்டு இடத்தைத் திருத்தியிருக்கிறன். கோவிக்காத. உனக்கு எட்டு வயசில கடலை விட்டது, எனக்கு இருபது வயசு மட்டும் கடலுக்குள்ளதான். வத்துப் பெருக்கை நீ எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வத்தினா முழங்காலளவு இறங்கும், கரையில பத்துப் பதினஞ்சு பாகம் மணல் தெரியும். கடல் முழுக்க எழும்பிப் போறதெண்டு ஒண்டு இல்லை. நீ கலங்கின தண்ணியைச் சேறு எண்டு நினைச்சிருக்கிறாய். அந்தப் பெயின்ற்காரன் உன்னைப் பாத்துப் பகிடி விட்டிருக்கிறான்.

அப்பிடிச் சரிஞ்ச படகு கவிழப்போற படகு. நான் கவிழ்ந்ததைப் பாத்தனான். கவிழுற படகை ஆரும் சுவரில மாட்டமாட்டினம். மூண்டையும் நிமித்திவிட்டிருக்கிறன். உன்ர குறுக்குக் கோட்டை அலையாக்கியிருக்கிறன், சின்ன அலைதான். மச்சான், குதிக்கலாம் போல கிடக்கு எண்டு ஜோன்சன் சொன்னான்.

வடிவா வந்திருக்கு. நீயே பாப்பாய்.

ஜெனிஸ்டன்


டார்ம்ஸ்டாட்
6 மே 1996

ஜெனி அண்ணா,

ஓம், வடிவா வந்திருக்கு. அதுதான் எனக்கு விசர் வருது.

பலகைக்கு மை பூசி, கடதாசியை வைச்சு, மூங்கில் மட்டை சுத்தின வட்டத் தட்டால தேய்ச்சு எடுத்தன். மனிசி சிகரெட்டை விட்டிட்டு உள்ள வந்து பாத்திச்சு. இதை வெட்டினது ஆர் எண்டு கேட்டிச்சு. அண்ணா எண்டன். இது நல்லா விக்கும் எண்டிச்சு. எனக்கு அந்தக் கடதாசியைச் சுக்குநூறாக் கிழிக்கவேணும் போல வந்துது.

விளங்குதா உங்களுக்கு? நான் இருட்டில எழும்பி, எட்டு ரெயில் மாறி, கடல் இல்லாத கரை ஒண்டைக் கண்டுபிடிச்சன். நீங்கள் ஹைம் கட்டிலில இருந்துகொண்டு அதுக்குள்ள தண்ணியை ஊத்திப்போட்டியள். படகை நிமித்தி, அலை போட்டு, குதிக்கலாம் போல ஆக்கிப்போட்டியள். நீங்களும் கரையைக் கழுவிப்போட்டுத்தான் தந்தியள். யப்பான்காரனாவது காசுக்காகச் செய்தவன். நீங்கள் என்னத்துக்குச் செய்தனியள்? தங்கச்சிக்குக் கண் தெரியாது எண்டு காட்டவோ?

என்னைச் சுத்தி இருக்கிற எல்லாரும் இப்பிடித்தான். லவினியா, நீ பாத்தது அதில்லை. லவினியா, உனக்கு விருப்பமானது அதில்லை. லவினியா, நீ சொல்ல வந்தது வேற. பதினெட்டு வயசு மட்டும் கேட்டன். இனிக் கேக்கேல்லை.

வெட்டின மரத்தைத் திரும்ப ஒட்ட ஏலாது. புதுப் பலகை வாங்கி அனுப்புவன். ஆனா அதுக்கு முதல் நீங்கள் வந்து பாக்கவேணும். கண்ணால காணாத ஆள் இதை வெட்டக்கூடாது. உங்கட ஒஃபீஸில போய் எல்லை தாண்டிற துண்டு ஒண்டு கேளுங்கோ. ரண்டு நாள் போதும்.

லவினியா


ஆல்டன்றோட், ஹைம்
30 மே 1996

லவினியா,

நீ எழுதினதை ரண்டுதரம் வாசிச்சன். மூண்டாந்தரம் வாசிச்சா நானும் அப்பிடி எழுதிப்போடுவன் எண்டு எடுத்து வைச்சிட்டன்.

துண்டு கேட்டுப் போனனான். அதுக்கு டெர்மின் எண்டு நாள் குறிச்சு எடுக்கவே பத்து நாள். மற்றப் பெடியள் எல்லாரும் செத்த வீடு எண்டுதான் எழுதிறவங்கள். எங்கட ஹைமில மட்டும் செத்த மாமிமாரைச் சேர்த்தா ஒரு சிமெத்தரி காணாது. ஜோன்சனுக்கே மூண்டு மாமி, ஒராளுக்கு ரண்டுதரம். நான் அப்பிடிச் சொல்லேல்லை. கடல் பாக்கப்போறன், பலகை வெட்டிறதுக்கு எண்டன். அந்த மனிசன் பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். அவசியமான காரணம் இல்லை எண்டு எழுதி, சீல் குத்தித் தந்தார். கதவடியில போகேக்க, கடற்கரைப் போஸ்ற்காட் கடையில விக்குது எண்டார். கெட்ட மனிசன் இல்லை. அவருக்கு நான் பகிடி.

இப்ப கேள். போன வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு உங்கட வீட்டை வந்தனான், ஞாபகமா? திரும்பேக்க பிடிச்சு ஒரு தரம் தண்டம் அடிச்சவங்கள். ரண்டாந்தரம் பிடிச்சாத் தண்டம் இல்லை, வழக்கு. என்ர அகதி விண்ணப்பத்தை ஒருதரம் தள்ளியாச்சு, மேல்முறையீடு கோட்டில கிடக்கு. அதுக்குள்ள குற்றவாளி எண்டு ஒரு கடதாசி வந்தா என்ன நடக்குமெண்டு உனக்கு நான் எழுதத் தேவையில்லை. நீ ஒண்டை விட்டா இன்னொண்டைப் பிடிப்பாய். நான் விட்டாக் கொழும்பு.

கடல் எங்கயும் போகாது. அது மட்டும் நான் மாறமாட்டன்.

ஜெனிஸ்டன்


டார்ம்ஸ்டாட்
5 யூன் 1996

ஜெனி அண்ணா,

சரி.

புதுப் பலகை அனுப்பேல்லை. பழைய பலகை மேசைக்குக் கீழ கிடக்கு. அதை நான் மாட்டமாட்டன். கண்காட்சி யூலை பதின்மூண்டு திறக்குது. என்ர சுவர் வெறுமனக் கிடக்கட்டும். கீழ பேர்த்துண்டு மட்டும் ஒட்டுவன்: கடல் இல்லாத கரை, வெட்டினவர் நம்பேல்லை. மனிசியிட்டச் சொல்லிப்போட்டன். ஆணியும் அடிக்கவேண்டாமோ எண்டு கேட்டிச்சு. ஆணியும் வேண்டாம் எண்டு சொன்னன்.

பதினஞ்சாம் தேதி சனிக்கிழமை நான் திரும்ப அங்க போறன். ஃபிறாங்ஃபேர்ட்டில பதினொரு மணிக்கு, வடக்கால போற மெதுவான ரெயில். இந்த முறை கடல் வரும் மட்டும் நிப்பன்.

வாங்கோ எண்டு எழுதேல்லை. உங்களுக்கு வழக்கு வந்தா நான் பொறுப்பெடுக்க ஏலாது. அதே ரிக்கற்றில அஞ்சு பேர் போகலாம், அதை மட்டும் எழுதிறன்.

லவினியா


ஆல்டன்றோட், ஹைம்
19 யூன் 1996

லவினியா,

நீ சொன்னது சரி. இதை ஒருக்கா எழுதிப்போட்டன், இனிக் கேக்காத.

அண்டைக்கு உன்னோட வந்து அணைக்கட்டில ஏறி நிண்ட நேரம் என்ர முகத்தைப் பாத்து நீ சிரிச்சனி. நான் அந்த நேரம் கணக்குப் பாத்துக்கொண்டு நிண்டனான், இவ்வளவு தண்ணியும் எந்தப் பக்கம் போயிருக்கும் எண்டு. சேத்துக்குள்ள இறங்கேக்க, அந்தக் குளிர் கால் விரலுக்கு இடையால ஏறேக்கதான் நம்பினன். படகுக்குக் கீழ குந்தியிருந்து அடி வயித்தைத் தடவிப் பாத்தன். கடலில நிக்கிற படகின்ர அடியை ஆரும் காணமாட்டினம். சிப்பி ஒட்டி, பெயின்ற் உரிஞ்சு, அங்கங்க தகடு அடிச்சு, அந்தப் பக்கத்தைத்தான் நீ கீறியிருந்தனி. நான் நிமித்திவிட்டு மறைச்சிட்டன்.

பிறகு கடல் வந்தது. எங்கட கடல் மாதிரி முன்னால வரேல்லை. சேத்தில வாய்க்கால் மாதிரி ஓடுற கானுக்குள்ளால சத்தமில்லாமல் வந்து முதுகுப்பக்கம் நிண்டுது. தலைமுறை தலைமுறையா மீன் பிடிச்ச குடும்பத்துப் பெடியனை, நாயோட உலாத்த வந்த ஒரு ஜேர்மன் மனிசி கத்திக் கரையேத்தினது. இதைச் சின்னம்மாவுக்குச் சொல்லிப்போடாத, அவ பேசாலைக்கு எழுதிப்போடுவா.

இப்ப மற்ற விசயம். நீ ஃபிறாங்ஃபேர்ட்டில இறங்கின பிறகு, வூர்ட்ஸ்பேர்க்குக் கிட்ட ரண்டு பொலிஸ் ஏறினாங்கள். பெட்டிக்குள்ள பதினேழு பதினெட்டுப் பேர் இருந்தவை, நேர என்னட்ட வந்தாங்கள். என்ர அடையாளத் துண்டில நான் தாண்டக்கூடாத எல்லை அச்சடிச்சுக் கிடக்கு, ஒளிக்க ஒண்டுமில்லை. எங்க போட்டு வாறாய் எண்டு கேட்டாங்கள். ஒருத்தன் குனிஞ்சு என்ர காலைப் பாத்தான். முழங்கால் மட்டும் சேறு காஞ்சு வெள்ளையாக் கிடந்துது. மீன் பிடிக்கப் போனியோ எண்டான். மற்றவன் சிரிச்சான். இறக்கி, எழுதி, விடிய விட்டாங்கள்.

கடிதம் வரும், அதில உன்ர பக்கத்துக் காரணத்தை எழுது எண்டு சொன்னாங்கள். வந்தா வரட்டும்.

நீ புதுப் பலகையை அனுப்பு. நாள் இல்லை.

ஜெனிஸ்டன்


டார்ம்ஸ்டாட்
24 யூன் 1996

ஜெனி அண்ணா,

பலகை இதோட வருது. ஆனா முதல் இதை வாசியுங்கோ. வாசிச்சிட்டுச் சொன்னபடி செய்யுங்கோ, ஒருதரமாவது.

நான் ஸ்டுட்கார்ட்டுக்கு டெலிபோன் எடுத்தனான். அப்பாதான் எடுத்தவர். ஸ்ரனிஸ்லாஸின்ர மகள் கதைக்கிறன் எண்டன். என்ன வேணும் எண்டார். எல்லாத்தையும் சொன்னன். அவர் ஏசேல்லை, அதுதான் எனக்குப் பயம் பிடிச்சுது. அவர்தான் நவரத்தினம் அண்ணையின்ர நம்பர் தந்தவர், அங்க சனத்துக்குக் கடிதம் எழுதிக் குடுக்கிறவர். நவரத்தினம் அண்ணை சொல்லுறார், கடல் பாக்கப் போனன் எண்டு மட்டும் எழுதவேண்டாமாம். துண்டு கேட்டு, இல்லை எண்டு சொன்ன பிறகும் அதே காரணத்துக்குப் போனது எண்டா, வேணுமெண்டு சட்டத்தை மீறினதாய்த்தான் எடுப்பாங்களாம். நெஞ்சு நோவு எண்டு எழுதட்டாம். டார்ம்ஸ்டாட்டில தங்கச்சிக்குச் சுகமில்லை எண்டாலும் சரியாம். நான் டொக்டரிட்டப் போய்ப் படுத்து ஒரு கடதாசி எடுத்துத் தாறன். எனக்கு எந்த நோவையும் நடிக்கத் தெரியும், ஒண்டரை வருசம் பாத்தனான்.

ரெயில் நேரத்தை எழுதினது நான். எழுதேக்க நீங்கள் வரவேணும் எண்டு நினைச்சுத்தான் எழுதினனான். வாங்கோ எண்டு எழுதேல்லை எண்டு சொல்லித் தப்ப எனக்கு விருப்பமில்லை. அதால கெஞ்சுறன். பொய்யை எழுதுங்கோ. வடிவான பொய்யா எழுதுங்கோ. நீங்கள் கொழும்புக்குப் போறதுக்கு ஒரு படம் காணாது. ஆயிரம் படமும் காணாது.

இன்னொண்டு. படத்தில உங்கட பேரைப் போடமாட்டன். வேலை செய்ய உத்தரவு இல்லாத ஆள் விக்கிற சாமானுக்கு வெட்டினது எண்டு ஆரும் பிடிச்சா இன்னொரு வழக்கு. என்ர பேர் மட்டும் மூலையில போடுறன். கோவிக்காதையுங்கோ. வெட்ட ஏலாட்டி வெட்டவேண்டாம், சுவர் வெறுமனக் கிடக்கட்டும், எனக்குக் கவலையில்லை.

கடிதம் வந்தா உடன டெலிபோன் எடுங்கோ.

லவினியா


ஆல்டன்றோட், ஹைம்
4 யூலை 1996

லவினியா,

உனக்குக் கெஞ்சத் தெரியுமெண்டு நான் நினைக்கேல்லை. கெஞ்சுறதும் கட்டளை மாதிரித்தான் இருக்கு.

கடிதம் வந்தது. உனக்கு டெலிபோன் எடுக்கேல்லை, எடுத்தா நீ கத்துவாய், பூத்துக்கு வெளிய நிக்கிறவைக்கும் கேக்கும். பதிலும் அனுப்பியாச்சு. அதால இனி யோசினை சொல்லாத.

நெஞ்சு நோவு எழுதேல்லை. உன்ர நோவும் எழுதேல்லை. ஏனெண்டு சொல்லுறன். மூண்டு வருசத்துக்கு முதல் என்னை இருத்தி விசாரிச்சவங்கள். நான் வந்த வழி, படகு, நேவி, அப்பாவைக் கொண்டுபோனது, எல்லாம் நடந்தபடி சொன்னனான். ஒரு சொல்லும் கூட்டேல்லை. கடைசியில நம்பத்தகுந்ததில்லை எண்டு எழுதினாங்கள். உண்மை மாதிரி இல்லையாம். அண்டைக்கு இருந்து ஹைமில எல்லாரும் எனக்குச் சொல்லுறது, விசரா, அவன் கேக்கிற மாதிரிச் சொல்லியிருக்கவேணும் எண்டு. நானும் அப்பிடித்தான் யோசிக்கத் தொடங்கியிருந்தன். உன்ர படகை நிமித்தினது அந்த யோசினைதான். உனக்குக் கண் தெரியாது எண்டு காட்டுறதுக்கு இல்லை.

இந்தமுறை அவங்களால நம்பேல்லை எண்டு எழுத ஏலாது. அவங்கட பொலிஸே என்ர காலில சேத்தைக் கண்டு எழுதி வைச்சிருக்கு. அதால நடந்தபடி எழுதினன். பாதர் பிழை திருத்தித் தந்தவர், காரணத்தை மாத்தச் சொல்லேல்லை. நான் கடல்காரன், மூண்டு வருசம் கடல் பாக்கேல்லை, கேட்டன், தரேல்லை, போனன், பாத்தன். ஆரோட போனாய் எண்ட இடத்தில தங்கச்சியோட எண்டு எழுதினன். உன்னை ஒளிச்சா நீ என்னைக் கொல்லுவாய். மன்னிப்புக் கேக்கிற மாதிரி ஒரு வசனம் கடைசியில போடுவம் எண்டு பாதர் சொன்னவர். வேண்டாம் எண்டன். அவர் முத்திரையைத் தானே ஒட்டினார்.

என்ன வருமோ தெரியாது. என்ர மேல்முறையீட்டைப் பாக்கிற வக்கீல் சிரிக்கேல்லை. பயமில்லை எண்டு உனக்குப் பொய் சொல்லமாட்டன். இரவில முழிப்பு வருது. ஆனா முழிச்சாலும் உளியை எடுக்கிறன்.

பலகை நாலும் இதோட வருது. சேறு சேறா இருக்கு. படகு சரிஞ்சு கிடக்கு, மூண்டும், நீ கீறினதை விட இன்னும் கொஞ்சம் சரிச்சுத்தான் வெட்டியிருக்கிறன், நான் பாத்தனான்தானே. சேத்துக்குக் கனக்க மை பூசாத, துணியால வழிச்சுக் கடதாசி தெரிய விடு. நடுவில வானம் விழுந்து கிடந்துது, அது வரவேணும்.

பேர் விசயம். நீ என்ர பேரைப் போடமாட்டன் எண்டு எழுதினபடியா நானே போட்டிட்டன். மூலையில இல்லை, மூலையில வெட்டினா நீ உளியை எடுத்து வழிச்சுப்போடுவாய். முன்படகின்ர அடி வயித்தில, தகடு அடிச்ச இடத்தில, ஜெனிஸ்டன் எண்டு தமிழில வெட்டியிருக்கிறன். படகின்ர கோடு முழுக்க அந்த எழுத்தில இருந்துதான் வெளிக்கிடுது. அதை எடுக்கிறதெண்டா நீ படகையும் எடுக்கவேணும்.

ஆணியை அடிக்கச் சொல்லு.

ஜெனிஸ்டன்